சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸ்

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்தது. இங்கே எல்லோரும் நலம் என்று அப்பா சொன்னாரே, அது பொய். அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்று போன் கிடையாது. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

போன வாரம் அம்மாவுக்கு மறுபடியும் மூச்சுத்திணறல். இன்ஹேலர் கேட்கவில்லை. உதடெல்லாம் நீலம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம், சீக்கிரமாகவே வந்தது. ஆனால் எங்கே வந்தது தெரியுமா? பின்பக்கத்து டயர் கிடங்குக்கு! சைரன் சுவருக்கு அந்தப் பக்கம் அலறுகிறது, இந்தப் பக்கம் அம்மா காற்றுக்குத் தவிக்கிறாள். டிரைவருக்குப் போன் செய்தால், ஸ்கிரீன்ல இதுதாம்மா உங்க வீடு, வெளியே வாங்க என்று என்னையே அதட்டுகிறார். நான் டிரம்மில் ஏறிச் சுவர்மேல் நின்று கத்தினேன். அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு நம் வாசலுக்கு வருவதற்குள் அம்மாவுக்கு நினைவு போய்விட்டது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், பயப்படாதே.

வண்டிக்கு வீட்டைத் தேடிக் கொடுக்கும் அந்த டேட்டாபேஸை நீதானே வடிவமைத்தாய்? லீவில் வந்தபோது பெருமையாக விளக்கினாயே, ஒவ்வொரு மனையின் எல்லைக்கோடும் அதில் இருக்கிறது, தேடல் வேகமாக நடக்க நடுப்புள்ளியை மட்டும் அனுப்புகிறோம் என்று. நம் குடியிருப்பு கிடங்கைச் சுற்றி ‘ப’ மாதிரி வளைந்திருக்கிறதே அக்கா! ‘ப’வுக்கு நடுவில் என்ன இருக்கும்? அட்டையில் அதே வடிவத்தை வெட்டிப் பென்சில் முனையில் நிறுத்திப் பார்த்தேன். நிற்கவே இல்லை. அதன் நடு இடம் அட்டைக்கு வெளியே இருக்கிறது. இது உங்கள் ஆபீசில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

புகார் எண்ணுக்குப் பேசினேன். பெரியவங்களைப் பேசச் சொல்லு பாப்பா என்றார்கள். விடாமல் கேட்டதற்கு, வண்டி சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

அப்பா அதற்கும் மேல். மாடி வீட்டு மாமாவிடம், என் பொண்ணு செஞ்ச சிஸ்டம், கூப்பிட்டதும் வந்துடுச்சு பாத்தீங்களா என்கிறார்! உன்னிடம் மட்டும் மூச்சு விடக்கூடாதாம். நீ உடைந்துபோய் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாயாம். அம்மாவும் அதற்குத் தலையாட்டுகிறாள். இந்த வீட்டில் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நீ உட்கார்ந்து அழாதே. ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் எங்கே என்பதையும் சேர்த்து வை, அது போதும். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. இன்னொரு முறை இவ்வளவு தாமதமானால் தாங்காது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மாவுக்கு அது தெரியாது.

நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. பகலில் அப்பா ஆபீசுக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறோம். அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள், அக்கா.

உன் தங்கை