பேருந்து நிறுத்தத்தில் என் கண்ணீர் அஞ்சலி

அனுப்புநர்:
பெ. ஒச்சாண்டி (வயது 73),
திராட்சை விவசாயி,
நாவல்குளம், குச்சனூர் அருகில்,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தேனி.

பொருள்: நான் இறந்துபோகும் திரைப்படத்தை எங்கள் கிராம சபையில் திரையிடவும், எனது கண்ணீர் அஞ்சலி பதாகையை அகற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு எங்கள் ஊரில் 'போறேன், விடுங்க' என்றொரு திரைப்படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்து வீட்டிலேயே உயிர்விடும் கிழவனாக என்னை நடிக்க வைத்தார்கள். பதினொரு நாள் கட்டிலில் படுத்தேன். எளிய வேலைதான், செத்த பிறகு மூச்சை அடக்கினால் போதும். ஆனாலும் மூன்று முறை தும்மிவிட்டேன்.

2. அப்படம் தேனியில் இரண்டே நாள் ஓடியது. நான் போன காட்சியில் என்னைத் தவிர, மழைக்கு ஒதுங்கிய ஒருவர் இருந்தார். நான் சாவதற்குள் அவர் தூங்கிவிட்டார். என் மனைவி கஸ்தூரியம்மாள், "நீங்க சாகுறத டிக்கெட் எடுத்து வேற பாக்கணுமாக்கும்?" என்று வர மறுத்துவிட்டாள்.

3. படத்தை எவரும் பார்க்கவில்லை. ஆனால் படத்துக்காக என் சொந்தப் பெயரோடும் போட்டோவோடும் அடித்த கண்ணீர் அஞ்சலி பதாகையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். படக்குழு விட்டுச்சென்ற அதை, கெட்டியான ஃபிளெக்ஸ் என்று பேருந்து நிறுத்தத்து டீக்கடை லிங்கேஸ்வரன் தன் கடை முன்னால் வெயிலுக்குக் கட்டிவிட்டார். பேருந்தில் வருவோர் போவோர் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.

4. அப்படிப் பார்த்த யாரோ சொல்லி, சென்ற மாதம் ஆண்டிபட்டியிலிருந்து என் மைத்துனர் மாரிசெல்வம், துக்க வீட்டில் அக்காவுக்குப் போடும் கோடிச் சேலையோடும் கொட்டுக்காரர்களோடும் வேனில் வந்து இறங்கினார். நான் அந்தப் பதாகையின் நிழலில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "என்ன மச்சான், இங்கன உக்காந்து டீக் குடிக்கிறீக! இருபது பேரக் கூட்டியாந்துட்டேன்ல!" என்று என்னைத்தான் கோபித்தார். அத்தனை பேருக்கும் சோறு போட்டு அனுப்பினோம். அந்தச் சேலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கஸ்தூரியம்மாள் இன்னமும் என்னைத் திட்டுகிறாள்.

5. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் ஐயா. எனக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கடைசி நாளைப் பற்றி மகன் சுரேஷ்கண்ணனிடம் பேச உட்கார்ந்தால், "ஆக்டிங்க ஆரம்பிச்சிட்டீகளாப்பா?" என்று சிரித்து எழுந்து போகிறான். ஒரு படத்தில் நடித்த பாவத்துக்கு, என் சாவைப் பற்றி நான் எது சொன்னாலும் வசனமாகிவிட்டது. ஆத்திரத்தில் அழுதேன். பிரமாதம் என்றார்கள்.

6. அப்படத்தில் ஓரிடத்தில் நான், "எனக்குக் குழாய் எதையும் சொருகாதீகப்பா. திராட்சைப் பந்தல் தெரியுறாப்ல கட்டிலப் போட்டு, உங்க ஆத்தாளப் பக்கத்துல உக்காரவச்சாப் போதும்" என்கிறேன். அது இயக்குநர் எழுதியதில்லை. எழுதிக் கொடுத்தது மறந்துபோய், என் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஆகவே, பதாகையை அகற்ற உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். லிங்கேஸ்வரனுக்கு நானே கூரை போட்டுத் தருகிறேன். அடுத்த கிராம சபையில் அப்படத்தைத் திரையிட்டு, என் மகனை முன்வரிசையில் உட்கார வைத்து, அந்த இடம் வந்ததும் நிறுத்தி, இது நடிப்பில்லை என்று தாங்கள் அவனிடம் ஒருமுறை சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறான்.

இடம்: நாவல்குளம்
நாள்: 13.10.2025

இன்றுவரை உயிருடன்,
பெ. ஒச்சாண்டி

இணைப்பு: பதாகையின் போட்டோ ஒன்று. கீழே டீ கிளாசுடன் இருப்பது மனுதாரர்.