நாலு மணின்னு காட்டின பக்கம்

13, திங்கள்

விடிஞ்சதிலிருந்து மழை. குடைய கட்டுகஸ்தோட்ட பஸ்ல மறந்து விட்டுட்டேன். இது மூணாவது.

நம்ம சைட்ல ஒரு மரண அறிவித்தல் போட்டா கண்டியே திரண்டு வந்து பாக்குது, நம்ம சேர்வர் படுத்துருது. இன்னைக்கு அதுக்கு முன்னால ஒரு ரிவர்ஸ் ப்ரொக்ஸி போட்டாச்சு. கவுண்டர்ல ஆள் உக்கார வச்ச மாதிரி. கேக்கிறவங்களுக்கு அதுவே எடுத்துக் குடுக்கும். ஒரு தடவ எடுத்த பக்கத்த ஒரு வாரம் கையில வச்சிருக்கும்படி போட்டிருக்கேன். சும்மா சோதிக்கத்தான், பிறகு குறைக்கணும்.

முதலாளி ரிஸ்வான் நானாவுக்கு வாயெல்லாம் பல்லு. "மகள், சைட் பறக்குதே!" எனக்கும் தலக்கனம்தான்.

சாயங்காலம் ஒரு அறிவித்தல். மஹய்யாவ பக்கத்து செல்வராஜ், பழக்கடைக்காரர். நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறாங்க.

14, செவ்வாய்

காலையில செல்வராஜ் மகன் போன். "அக்கா, நாலு மணி ராகு காலமாம், பாக்காம குடுத்துட்டோம். ரெண்டுக்கு எடுக்கிறோம். மாத்தி விடுங்க."

மாத்தினேன். திறந்தும் பாத்தேன், ரெண்டுன்னுதான் இருந்துச்சு.

பகலுக்கு சோறு, பருப்பு, கருவாடு. பல்லு வலி வேற.

15, புதன்

தெல்தெனியவிலிருந்து ஒரு அம்மா ஆபிசுக்கு வந்தாங்க. செல்வராஜோட தங்கச்சி. போன நீட்டினாங்க. நம்ம பக்கம். இன்னும் நாலு மணி!

"அண்ணனோட ரொம்ப வருசமா பேச்சு இல்லம்மா. வீட்ல யாரும் சொல்லல. இதப் பாத்துதான் வந்தேன். நேத்து மூணு மணிக்குப் போறேன், வீடு கழுவிக்கிட்டு இருக்காங்க."

நானா அவங்க உக்காரக் கதிரைய இழுத்துப் போட்டாரு. "சிஸ்டத்துல ஏதோ கோளாறு." நான் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வந்து வச்சேன். குடிக்காமலே ஆறிப்போச்சு. "பரவால்ல" ன்னு எழும்பிப் போனாங்க.

எருமை, நான் எருமை. லொகின் பண்ணி உள்ளுக்குள்ள பாத்திருக்கேன். வெளியில எல்லாருக்கும் ப்ரொக்ஸி திங்கக்கிழமைப் பக்கத்தையே குடுத்திருக்கு. அக்கம்பக்கத்துக்கு வாய்வழியா நேரம் தெரிஞ்சுபோச்சு. அந்தம்மாவுக்கு யாரு சொல்லுவா? கடைசியா ஒரு தடவ முகம் பாக்க வந்தாங்க, அதையும் நான் கெடுத்துட்டேன்.

16, வியாழன்

ப்ரொக்ஸிய சரி பண்ணியாச்சு. இப்ப மாத்தினா உடனே மாறுது. யாருக்கு வேணும் இப்ப.

நானா: "நடந்தத வெளியில சொல்லாதீங்க மகள். பிறகு ஒருத்தரும் நம்மள நம்ப மாட்டாங்க."

பகல் போல செல்வராஜ் மகன் போன். பதினாறாம் நாள் அறிவித்தல் போடணுமாம். "அத்தை பேர் மட்டும் வேணாம்க்கா. வேணும்னே அப்பாவ எடுத்த பிறகு வந்தாங்க. அம்மா ஒரே அழுகை."

நானா பக்கத்துலதான் நின்னாரு. நிக்கட்டும்.

"தம்பி, தப்பு என்னோடது. எங்க பக்கம் நாலு மணின்னே காட்டியிருக்கு. உங்க அத்தை அதுக்கு முன்னாடியே வந்திருக்காங்க."



"அவங்கள நாங்க உள்ள விடலயேக்கா. அம்மா கண்டபடி ஏசி, ரோட்டுல வச்சே திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்தம்மா இத என்கிட்ட சொல்லவே இல்ல.