எருமைப் பாட்டில் புகுந்த வெற்றிப்பண்

வளம் பெருகுக. தண்ணாற்றின் இரு கரையும் ஆளும் முத்துக்குடை உடையாள், நெய்தல்மங்கல நாட்டு அரசி வெண்ணிமாதேவி, வேங்கைமலை நாட்டின் காவலரும், பகை வென்று மீண்டவரும், எம் உடன்பிறந்தவருமான அடலேறு வேந்தருக்கு விடுத்த ஓலை. உம் குன்றுகளில் மழை பொய்யாதிருக்க. உம் களிறுகள் நலம் பெறுக. உம் சினம் சற்றே தணிக.

உம் தூதர் பெருஞ்சாத்தனார் எம் அவைக்கு வந்து, எம் நகரத்துக் குழலூதி காரி நக்கனின் விரல்களைக் கேட்டார். நீரே யாத்த வெற்றிப்பண்ணின் முகப்பை எடுத்து, குளத்தைவிட்டு எழ மறுக்கும் எருமையைப் பற்றிய தன் பாட்டில் அவன் செருகினான் என்றும், எருமை எழும் இடத்தில் அது ஒலிக்க ஊரே சிரித்தது என்றும், இது களவே என்றும் முறையிட்டார்.

எம் நாட்டில் பிறர் பண்ணை எடுத்தாளும் எவரும், ஊதுமுன் அதை யாத்தவர் பெயரை ஊரறியக் கூவ வேண்டும். மறைத்து எடுப்பதே களவு. நக்கன் சட்டத்துக்கு அஞ்சியவன். ஆகவே உம் திருப்பெயரைப் பட்டங்கள் ஒன்றும் விடாமல் சந்தை நடுவே கூவினான். எருமை எழுந்தது அதன் பின்னரே. கூவாது ஊதியிருந்தால் அது எவர் பண் என்று ஒருவரும் அறிந்திரார். சொல்லாமல் எடுத்தால் களவு, சொல்லி எடுத்தால் இகழ்ச்சி என்றால் அந்தப் பாவி எங்கே போய் முட்டிக்கொள்வான்?

ஆயினும் விசாரித்தோம். அவன் எடுத்தது முகப்பு மட்டுமே. முழுப் பண்ணையும் ஊதி, மணவீடுதோறும் தனதென்று பரிசில் வாங்கியிருந்தால் யாமே அவனைக் கட்டி அனுப்பியிருப்போம். உம் பண்ணின் மதிப்புக் குறைந்ததோ என்று அறிய, தூதரோடு வந்த உம் கொம்பூதிகளை அவையில் முழுதும் ஊதச் செய்தோம். அவை எழுந்து நின்றது; எம் கண்ணும் கலங்கியது. ஒருவருக்கும் எருமை நினைவு வரவில்லை. ஆகவே நக்கன் குற்றமற்றவன் எனத் தீர்த்தோம்.

வேந்தருக்கு எழுதியது இவ்வளவே. இனித் தம்பிக்கு.

அடேய், விரலையா கேட்பாய்? ஒரு பாட்டுக்காக ஒருவன் பிழைப்பையே அறுக்கத் துணிந்தாயே, கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. சிரித்தது குற்றமென்றால் முதலில் சிரித்தவள் உன் தமக்கை. என் பல்லைக் கேட்டு ஓலை விடு, பார்க்கலாம்.

இதை உன் கையில் தந்துவிட்டு எதிரே நடுங்கி நிற்கிறானே, அவனே நக்கன். இன்றுமுதல் அவன் எம் தூதன். தூதன்மேல் கைவைக்கலாகாது என்பது நம் தந்தையார் காலத்து முறை. அவனை அமர்த்திச் சோறிட்டு, பாட்டை முழுதும் கேள். எருமை எழும்போது நீ சிரித்தாயா என்று அவனையே கேட்டுக்கொள்வேன்.

எம் தூதன் விரல் ஒன்றும் குறையாமல் வீடு திரும்புக. இது எம் ஆணை. இதன்கீழ் எம் முத்துக்குடை முத்திரை.