இரண்டாவது இருட்டு

ஜூன் 9, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மேரி சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த வழியில்லை என்று சேலத்துக் கண் டாக்டர் சொன்னதிலிருந்து இப்படித்தான். "ஏனுங்க, ரெண்டு கீறல் வழியா வெளிச்சம் விட்டாச் சுவத்துல விழுமே, அந்த ரெட்டைப் பிளவுக் கோடுங்கள கண்ணு தெரியறப்பவே ஒருக்கா பாத்துரணுங்க" என்றாள். ஓய்வுபெறும்வரை இயற்பியல் நடத்தியவள். அவளுடைய பள்ளியிலேயே கருவி இருக்கும். போய்க் கேட்க எனக்குக் கூச்சம். நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வரலாறு படித்து எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன். ஏன் சொன்னேன்?

ஜூன் 11
கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் கருக்கினேன். இரண்டு பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. மெல்லிய இரு கீறல்கள். கீறலுக்கு ஒன்றாக இருக்கட்டுமென்று ஏரிக்கரைக் கடையில் லேசர் விளக்கும் இரண்டு வாங்கினேன். சுவரில் கலங்கிய சிவப்புதான் விழுந்தது.
மேரி சிரித்தாள். "எஸ்டேட் புத்தி போகுதா பாருங்க, எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி. ஒரே வெளக்கோட வெளிச்சந்தாங்க ரெண்டாப் பிரியணும்."

ஜூன் 14
ஒரே விளக்கில் வந்துவிட்டது. சிவப்பு, இருட்டு, சிவப்பு, இருட்டு. அவளைக் கூப்பிட்டேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.
"செவப்பா தீத்தின மாதிரி இருக்குதுங்க, கோடே தெரியலீங்க. அவ்வளவுதான்."
சாதம் எடுத்து வைக்கிறேன் என்று எழுந்து போனாள். பிந்திவிட்டேன்.

ஜூன் 15
அவளுடைய பழைய பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டா? நடுவில் இரண்டு கீறலுக்கும் ஒரே தூரம். இரண்டின் வெளிச்சமும் சேர்ந்தே வருகிறது. தள்ளிப் போகப் போக ஒன்றுக்கு வழி கூடுகிறது. அது அரை அலை பிந்தினால், ஒன்றின் மேட்டை மற்றதன் பள்ளம் அழித்துவிடும் — அங்கே இருட்டு. சரிதானா? அவளிடம் சொல்லிக் காட்டினேன்.
"அப்ப ரெண்டாவது இருட்டுல எவ்வளவு பிந்தும்?"
"ஒரு அலை."
"இல்லீங்க."
புத்தகத்தை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

ஜூன் 17
முழு அலை பிந்தினால் மேடு மேட்டோடு சேர்ந்துவிடுமே. வெளிச்சம்! இதற்கு இரண்டு நாள்.
லேசரை எரியவிட்டு, இருட்டு விழுந்த இடங்களில் மட்டும் அவள் தையல் பெட்டியிலிருந்த கறுப்பு நூலைச் சுவரில் ஒட்டினேன். ஸ்கேல் வைத்தும் ஒன்று கோணல். பிரித்து மறுபடி ஒட்டினேன்.

ஜூன் 18
மேரியின் விரலைப் பிடித்து நடுவெளிச்சத்தில் வைத்தேன். பிறகு அவளே நகர்த்தினாள். நூல் தட்டியது.
"அரை அலை" என்றேன்.
வெளிச்சம் விழும் வெற்றுச் சுவர். "முழுசு" என்றேன்.
அடுத்த நூலில், இரண்டாவது இருட்டில், விரல் நின்றது.
"ஒண்ணரை" என்றேன். விரல் அடுத்ததற்கு நகர்ந்தது.
கடைசி நூல்வரை போய்விட்டுச் சொன்னாள்: "வெள்ளையடிக்கறப்ப இத எடுத்துராதீங்க."