அம்மாவிடம் மிச்சமிருந்த ஒரே சொல்

பிப்ரவரி 4

ஒரு நாவல், ஒரு துறவியின் வாழ்க்கை வரலாறு, மூளையைப் பற்றி ஓர் அறிவியல் நூல். மூன்றையும் படித்து, மனதில் பட்டதை ஆளுக்கு மூன்று பக்கம் எழுத வேண்டுமாம். மாதக் கடைசிக்குள். பேராசிரியைக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வந்து பத்தொன்பது நாள். பக்கவாதம் வலது கையையும் காலையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. தலையாட்டுவதைக்கூட நம்ப முடியவில்லை, ஆமாமும் இல்லையும் மாறி மாறி வருகிறது. ஒரே ஒரு சொல் மிச்சம். தண்ணீர் வேண்டுமா? "நாளைக்கு." வலிக்கிறதா? "நாளைக்கு." நான் யாரும்மா? "நாளைக்கு."

பிப்ரவரி 7

நாவல் முடிந்தது. அதிலும் பேச முடியாத ஒருத்தி வருகிறாள். கண்களாலேயே எல்லாவற்றையும் பேசினாளாம். எழுதியவர் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை அம்மாவின் கண்கள் எனக்குச் சொல்லவில்லை. படுக்கை நனைந்த பிறகுதான் தெரிந்தது. விரிப்பை மாற்றியபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கு மேல் நான் என்ன எழுத? 'நடை அருமை' என்றா?

பிப்ரவரி 8

அப்பா அந்தச் சொல்லை நம்புகிறார். "நாளைக்குச் சரியாயிடும்னு அவளே சொல்றா பாரேன்" என்று பக்கத்து வீடுவரை சொல்லியாயிற்று. அறிவியல் நூலைப் புரட்டினேன். இப்படி ஒரு சொல் நாக்கில் மாட்டிக்கொள்வது உண்டாம். அதற்குப் பொருள் கிடையாதாம்.

அப்பாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

துறவி பன்னிரண்டு ஆண்டு பேசவில்லை. அதனால் கடவுளை அடைந்தார் என்கிறது நூல். அவர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டார். வேண்டுமென்றால் திறந்திருக்கலாம். அது தவம். இது? அம்மா வாயை மூடினது யாரு? எதுக்கு?

கண்ணை மூடி வேண்டிப் பார்த்தேன். பாதியில் சண்டை போட ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 15

கத்திவிட்டேன். மாத்திரையை மூன்று முறை துப்பினாள். ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு, நாளைக்கு."

"வேற ஒரு வார்த்தை சொல்லேம்மா! ஒண்ணே ஒண்ணு! எனக்குப் பைத்தியம் பிடிக்குது!"

அம்மா இடது கையால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 16

பேசவில்லை.

பிப்ரவரி 18

இன்றும் அம்மாவிடமிருந்து அந்தச் சொல் இல்லை. "இருந்த ஒரு வார்த்தையும் போச்சா? என்னடி ஆச்சு?" என்று அப்பா கேட்டார். தெரியாது என்றேன். பொய். நான்தான் பிடுங்கினேன். சொல்லும்மா, அதையே சொல்லு, நூறு தடவை சொல்லு, கேட்டுக்கிட்டே இருக்கேன் —

படிப்பை நிறுத்திவிடலாம். மூன்று புத்தகம் படித்து என்னத்தைக் கிழித்தேன்?

பிப்ரவரி 21

காலையில் அம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அறிவியல் நூலை வாய்விட்டுப் படித்தேன். அம்மாவுக்காக இல்லை, அப்படிப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். மூளையின் இடப்பக்கம், முன்புறம், பேச்சு உருவாகும் இடம். அங்கே பாதிப்பு வந்தவருக்குப் பிறர் பேசுவது பெரும்பாலும் புரியும். தான் சொல்ல நினைப்பதும் தெரியும். சொல்தான் வாய்க்கு வராது.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நகம் பதிந்தது. அம்மா புத்தகத்தைத் தட்டினாள். மறுபடி படித்தேன். மறுபடி தட்டினாள். ஐந்து முறை.

அப்போதுதான் உறைத்தது. என்ன ஆயிற்று என்பதை மருத்துவர் அப்பாவிடம் சொன்னார், அப்பா என்னிடம் சொன்னார். அம்மாவிடம் யாருமே சொல்லவில்லை. எல்லாரும் "சரியாயிடும்" என்று மட்டும் சொன்னோம்.

"புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சியாம்மா?"

பிடியை விடவில்லை. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

படத்தைக் காட்டினேன். "இந்த இடத்துக்குத்தாம்மா ரத்தம் போகல. உன் புத்திக்கு ஒண்ணும் ஆகல. பேச்சு கொஞ்சம் வரலாம். முழுசா வராமலும் போகலாம். எனக்குத் தெரியல."

ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு, ஆறு நாளுக்குப் பின், "நாளைக்கு" என்றாள்.

பொருள் கிடையாதாம். இருக்கட்டும். அந்தக் கையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

பிப்ரவரி 27

மூன்று பக்கங்களையும் கொடுத்துவிட்டேன். நாவலைத் திட்டித்தான் எழுதினேன். துறவியைப் பற்றி எழுதியது பாதிப் பக்கம்கூட வரவில்லை. அறிவியல் நூலுக்கு மட்டும் நூலகத்தில் தவணையை நீட்டிக்கக் கேட்டேன். அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 3

பெரியம்மா பார்க்க வந்தார். அம்மாவை வைத்துக்கொண்டே அப்பாவிடம், "பாவம், நாம பேசறது எதுவும் இவளுக்குப் புரியாதுல்ல?" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா புத்தகத்தை உருவினாள். மடியில் போட்டு, ஒரே கையால் பக்கங்களைத் தள்ளித் தள்ளி அந்தப் படத்தைப் பிடித்தாள். விரலை வைத்தாள். பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்க்கும்வரை அம்மா விரலை எடுக்கவில்லை.