வரிசையில் கடைசி ஆள்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், சின்னவள் நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் ஊரில் மூளைக்காய்ச்சல் பரவுகிறது, உன் கிளினிக் வாசலில் கூட்டம் நெரிகிறது, நீ கை ஓயாமல் ஊசி போடுகிறாய் என்றாய். பாப்பாவுக்குப் போட்டாயா என்று கேட்டேன். ஜனங்களுக்குப் போட்டு முடியட்டும்பா, நம்ம புள்ளதானே, அப்புறம் பாத்துக்கலாம் என்று சிரித்தாய். சின்னவளுக்காகப் போனை எப்போதும் சத்தமாகத்தான் வைக்கிறோம், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதே காய்ச்சலில் சின்னவளுக்கு இடது காது போனது போனதுதான். வலது காலில் நாலு விரல் இல்லாமல் நிற்கப் பழக ஏழு மாதம் ஆயிற்று, ஷூவின் முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரோரமாகப் போவாள், அம்மா கையை நீட்டினால் எரிந்து விழுவாள். தையற்கடைக்கார அம்மா அவளுடைய மிஷினை யாருக்கும் கொடுக்காமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார், நல்ல மனுஷி. இப்போது குதிகாலால் மிதிக்கிறாள். முதல் வாரம் தைத்ததெல்லாம் கோணல், அத்தனையும் அவளே உட்கார்ந்து பிரித்தாள். போன வாரம் ஆறு பள்ளிச் சீருடை நேராக வந்தது. உன் அம்மா அதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுகாதார நிலையத்தில் ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் கடைசி, அது உனக்கே தெரியும், நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு முந்தைய முகாமில் அவளைக் கடைசி ஆளாக நிறுத்தினேன். அவளுக்கு முன்னால் நின்றவரோடு மருந்து தீர்ந்துபோயிற்று. அன்றைக்கு வேறொரு தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பினோம், மூளைக்காய்ச்சல் ஊசியை அப்புறம் பாத்துக்கலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதமே நாலு பெட்டி வந்தது. என் கையால்தான் குளிர்பெட்டியில் அடுக்கினேன், காலையும் மாலையும் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதினேன், ஒரு நாள் தவறவில்லை. என் பெண் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவளோ அன்றைக்குப் போட்ட ஊசியிலேயே இரண்டும் அடக்கம் என்று இன்றுவரை நம்புகிறாள். ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று உன் அம்மா ஆஸ்பத்திரியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது பக்கத்தில் நின்றேன்மா, வாயைத் திறக்கவில்லை. நான் கோழை.

வியாழக்கிழமை இங்கே முகாம். சின்னவளை ஜனங்களிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார் டாக்டர். என் ஊசி அட்டை எங்கப்பா, ஊசி போட்டும் ஏன் வந்துச்சுன்னு ஜனங்க கேப்பாங்களே என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் பதிவேட்டுக்குள் இருக்கிறது, அந்த ஒரு கட்டம் வெறுமையாக. பாப்பாவுக்குப் போடு என்று சும்மா சொன்னால் மறுபடியும் சிரிப்பாய், அதனால்தான் இத்தனையும் எழுதினேன். தபாலில் போட்டால் மூன்று வாரம் ஆகும், அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். போனில் படம் பிடித்து அனுப்ப எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. இந்த வீட்டில் அது தெரிந்தவள் ஒருத்திதான். கடையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அட்டையையும் சேர்த்து அவளிடமே கொடுக்கப் போகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குழந்தை நூறு வயது வாழ வேண்டும். நாளைக்கு வரிசையில் முதல் ஆளாக அவளைத் தூக்கிக்கொண்டு நில், யார் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

அக்கா, படிச்சிட்டேன். லெட்டர் ரெண்டு பக்கத்தையும் அட்டையையும் படம் பிடிச்சு அனுப்பியிருக்கேன். அப்பா வாசப்படியில உக்காந்திருக்கார், நான் இன்னும் அவர்கிட்ட பேசல, எப்பப் பேசுவேன்னு தெரியல. வியாழக்கிழமை இந்த அட்டையை அப்படியே காட்டிப் பேசப் போறேன். நீ முதல்ல பாப்பாவுக்குப் போட்டுட்டு எனக்குப் படம் அனுப்பு. அதைப் பாத்துட்டுத்தான் தூங்கப் போவேன்.