சாட்சிக் கூண்டில் என் கைகள் சொன்னதை நீக்கக் கோரி

அனுப்புநர்:
அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி,
சைகை மொழிபெயர்ப்பாளர் (அட்டை எண் 31),
காது கேளாதோர் பள்ளி, மாலைப் பிரிவு.

பெறுநர்:
மாண்பமை நீதிபதி அவர்கள்,
இரண்டாம் கூடுதல் அமர்வு நீதிமன்றம்.

பொருள்: மெத்தைத் தொழிற்கூடத் தீ வழக்கு – கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் இரகசியமாகச் சொன்னதை மொழிபெயர்ப்பாளராகிய நான் சாட்சியத்தில் வெளியிட்டது – என் மீது நானே அளிக்கும் புகார் – அச்சாட்சியத்தை நீக்கக் கோருதல் – சார்பாக.

பார்வை: சென்ற மாதம் 3ஆம் தேதி பதிவான எனது சாட்சியம், பக்கம் 2, வரி 11 முதல் 14 வரை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தட்டச்சு செய்து தருபவர் நீதிமன்ற வாசலில் முப்பது ஆண்டுகளாக மேசை போட்டிருப்பவர். எதிர்மனுதாரர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "மனுதாரரும் நீங்க, எதிர்மனுதாரரும் நீங்களா? வீட்ல யாரும் சண்டைக்குக் கெடைக்கலையாம்மா?" என்று சிரித்தார். முதல் பக்கத்தை அடித்து முடித்ததும், சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்தார். தன் மீதே புகார் கொடுப்பவருக்கென்று மாதிரிப் படிவம் எதுவும் அவரிடம் இல்லையாம். அமைப்பில் பிழை இருப்பின் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் பெற்றோர் இருவரும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். எனக்குக் காது கேட்கும். நான் முதலில் கற்றது கைமொழி. வாய்ப்பேச்சு பிறகுதான் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம், வாடகை வீட்டுப் பஞ்சாயத்து என்று காது கேளாதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று பேசி வருகிறேன். இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவரை எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். ஆவணங்களில் அவர் 'எதிரி' என்று குறிக்கப்பட்டிருக்கிறார். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே இம்மனுவில் அவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

3. அண்ணன் மெத்தைத் தொழிற்கூடத்தில் நுரைப்பஞ்சு வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்தவர். ஒரு விடுமுறை நாள் மதியம் அங்கே தீப்பிடித்து, கிடங்கு மொத்தமும் எரிந்தது. யாருக்கும் காயமில்லை. அதற்கு முந்திய வாரம் அவருக்கும் முதலாளிக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, எல்லோர் முன்னிலையிலும் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தார். அதை வைத்துத்தான் அவரைக் கைது செய்தார்கள். தீப்பிடித்த நேரத்தில் அவரை அங்கே பார்த்ததாக முதல் ஆறு சாட்சிகளில் ஒருவரும் சொல்லவில்லை. ஏழாவதாக நான் கூண்டில் ஏறினேன்.

4. சிறையில் வழக்கறிஞரைச் சந்திக்கும் அறை மிகச் சிறியது. ஒரு மேசை, உயரத்தில் ஒரு ஜன்னல், வெளியே காவலர். காது கேட்கும் கைதி என்றால் அங்கே இரண்டு நாற்காலி போதும். அண்ணனுக்கு மூன்று தேவைப்பட்டது. மூன்றாவதில் நான் உட்கார்ந்தேன். அன்று வந்திருந்தவர் இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட பெரிய வக்கீல். பேச்சைத் தொடங்கும் முன் அவர் அண்ணனைப் பார்த்து, "இங்க நீ சொல்றது எதுவும் இந்தக் கதவத் தாண்டிப் போகாதுப்பா. பயப்படாம சொல்லு" என்றார். அந்த வாக்கியத்தை அண்ணனுக்குக் கைகளால் சொன்னவள் நான். வாக்குக் கொடுத்தது வக்கீல் என்றாலும், அண்ணன் அதைப் பெற்றுக்கொண்டது என் கைகளிலிருந்துதான். அதன் பிறகுதான் அவர் பேசினார்.

5. எங்கள் வேலை முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 'அவர் போனதாகச் சொல்கிறார்' என்று நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை. 'நான் போனேன்' என்றே சொல்வோம். பேசுபவர் அழுதால் எங்கள் குரலும் தழுதழுக்கும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. இது எனக்கு மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் சங்க அட்டையின் பின்புறம் இதுவே முதல் விதி. அதற்கு அடுத்த விதி, கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது. அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். முதல் விதி நினைவிருந்தது. இரண்டாவது நினைவுக்கே வரவில்லை.

6. நீதிமன்ற அழைப்பாணை வந்தபோது நான் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இத்தனை ஆண்டுகளில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "அந்த சைகைக்காரம்மாவ வரச் சொல்லுங்க" என்பார்கள். நீதிமன்றம் என் பெயரை எழுதி, நாளும் நேரமும் குறித்து அழைத்தது. உடையை இரண்டு முறை இஸ்திரி போட்டேன். பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். எதற்காக அழைக்கிறார்கள் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய வக்கீல் அதற்குள் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். அவரிடம் போய்க் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

7. அன்று நடந்ததைத் தாங்களே நேரில் பார்த்தீர்கள். சிறைப் பார்வையாளர் பதிவேட்டில் என் கையெழுத்தைக் காட்டி, அந்த அறையில் இருந்தது நான்தானா என்று அரசு வக்கீல் கேட்டார். ஆம் என்றேன். அங்கே அண்ணன் என்ன சொன்னார் என்று அடுத்துக் கேட்டார். அண்ணன் தரப்பில் அன்றுதான் புதிதாக வந்திருந்த இளைய வக்கீல் வழக்குக் கட்டுக்குள் ஏதோ தாளைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. தங்களை ஏறிட்டுப் பார்த்தேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா" என்றீர்கள். தங்கள் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. யாரும் ஆட்சேபிக்காத ஒரு கேள்விக்குத் தாங்கள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லேன் என்று சத்தியம் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தேன்.

8. "நான் உள்ளே போனேன். தீக்குச்சியைக் கிழித்தேன்." ஆவணத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆவணத்தில் இல்லாத ஒன்று உண்டு. பழக்க தோஷத்தால், வாய் பேசும்போதே என் கைகளும் பேசின. அன்று அண்ணனுக்காக அமர்த்தப்பட்ட வேறு மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் கையைத் தூக்கவே தேவைப்படவில்லை. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மூடிய அறையில் சொன்னதை, தன்னுடைய அதே சைகையில், தன் முகபாவத்தோடு நான் திருப்பிச் செய்வதைப் பார்த்தார். தீக்குச்சி கிழிப்பதற்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. நீதிமன்றத்தில் இருந்த நாற்பது பேருக்கும் புரிந்தது. நான் மேலே தொடரப் போனேன். "போதும்மா, உக்காருங்க" என்றார் அரசு வக்கீல். என் கைகள் பாதியில் நின்றன. நன்றாகச் சாட்சி சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

9. அன்று மாலை என் அம்மா, கோர்ட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் கைகளால் சொன்னேன். அம்மா பாதியில் கண்களை மூடிக்கொண்டார். காது கேளாதவர் கண்ணை மூடிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. தோளைத் தொட்டேன். அவர் திறக்கவில்லை. நான் செய்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அவமானத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

10. மறுநாள் மருத்துவமனைக்குப் போய்ப் பெரிய வக்கீலிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்பது போலவே, அந்தப் பேச்சுக்கு இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரும் வெளியிடக் கூடாது; விட்டுக்கொடுக்கும் உரிமை கட்சிக்காரருக்கு மட்டுமே உண்டு என்று விளக்கினார். "வக்கீல் முன்னால பேசினது, சொல்ல முடியாதுங்க. இவ்வளவுதாம்மா நீ சொல்லியிருக்கணும்" என்றார். ஐந்தே சொற்கள். நானோ வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய சொற்களையே பேசியவள். எனக்கென்று ஐந்து சொல் தேவைப்பட்ட ஒரே இடத்தில் அவை வரவில்லை.

11. உண்மையைத்தானே சொன்னேன் என்று என்னைத் தேற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பொய் சொல்லியிருந்தால் குறுக்கு விசாரணையில் அது உடைந்திருக்கும்.

12. அண்ணனின் மனைவி என்னைத் தேடி வந்தார். அண்ணிக்குக் காது கேட்கும். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே நின்று, "நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அத அவருக்கு எப்படிப் புரியவைக்கிறது? என்ன விஷயமா இருந்தாலும் உன்ன வெச்சுத்தானே அவருக்குப் புரியவைப்போம்?" என்று கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

13. இப்போதைய நிலை இதுதான். சென்ற மாதம் 3ஆம் தேதிக்குப் பிறகு அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. இளைய வக்கீல் நான்கு முறை சிறைக்குப் போயிருக்கிறார். வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர்களை அழைத்துச் சென்றிருக்கிறார். அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்கிறாராம். கேள்வியைப் பார்க்கிறார், கையை எடுப்பதில்லை. காது கேட்கும் ஒருவர் வாயைத் திறக்க மறுத்தால் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். இவர் ஒரு முறை நம்பிப் பேசிக் கெட்டவர். வருகிற 23ஆம் தேதி தீர்ப்பு. தன் தரப்பை அவர் இப்போதைய வழக்கறிஞரிடம்கூடச் சொல்லாமல் தண்டனை பெறப் போகிறார். அதற்குக் காரணம் நான்.

14. 'போதும்' என்று என்னை நிறுத்திய இடத்துக்குப் பிறகு அவர் வேறென்ன சொன்னார் என்று பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அண்ணியும் கேட்டார். அவருக்குச் சாதகமான எதையாவது சொல்லிப் பாவத்தைக் கழுவிக்கொள்ளேன் என்று என் மனமே கேட்கிறது. சாதகமா பாதகமா என்பதைக்கூட இம்மனுவில் நான் சொல்லப் போவதில்லை. ஏதாவது மீதி இருந்ததா என்பதற்கும் பதில் சொல்ல மாட்டேன். முதல் தடவை அவரைக் கேட்காமல் பேசினேன். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து இரண்டாம் தடவையும் அதையே செய்தால் எனக்கு மன்னிப்பே கிடையாது. அவர் அனுமதி இல்லாமல் மீண்டும் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அந்த ஐந்து சொற்களைத்தான் சொல்வேன். அதற்காகத் தாங்கள் தண்டித்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

15. எனவே நான் தங்களிடம் கோருவது:

(அ) பார்வையில் கண்ட நான்கு வரிகளையும் ஆவணத்திலிருந்து நீக்கி, தீர்ப்பில் அவற்றைக் கணக்கில் எடுக்காமல் விட வேண்டும். ஒருமுறை காதில் விழுந்ததை விழாததாக்குவது எத்தனை கடினம் என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

(ஆ) அண்ணன் தன் வழக்கறிஞரிடம் பேசி முடிக்கும் வரை தீர்ப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

(இ) என் அட்டையை இரத்து செய்வது உட்பட என் மீது உரிய நடவடிக்கை எடுக்கும்படி சங்கத்துக்கு எழுத வேண்டும். அட்டையை இத்துடன் இணைத்துள்ளேன்.

(ஈ) அவர் தன் வழக்கறிஞரிடம் சொல்வது எதுவும் இனி வெளியே வராது என்பதை, தாங்களே அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வக்கீல் சொல்லி, நான் கைகளால் காட்டிய வாக்கு பொய்யாகிவிட்டது. தாங்கள் சொன்னால் ஒருவேளை நம்புவார். அதைச் சைகையில் சொல்ல வேறு யாரையாவது அமர்த்துங்கள்.

16. அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொடைக்கு அடியிலிருந்து அவர் கைகளை எடுத்தால் போதும், ஐயா. அதைப் பார்க்க நான் அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு, வெட்கத்துடன்,

(ஒப்பம்)
அரசுத் தரப்பு ஏழாம் சாட்சி

நாள்: 14ஆம் தேதி, செவ்வாய்
இடம்: நீதிமன்ற வாசல், தட்டச்சர் மேசை

இணைப்பு: மொழிபெயர்ப்பாளர் அட்டை (அசல்) – 1